என் மனைவிக்குக் கப்பல் காட்டிய பயணம்

எதை எழுதினாலும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவது என் பழக்கம். கடைச் சிட்டையிலும் போடுவேன். இதற்கும் போட்டுவிட்டேன். கை தானாகப் போட்டது. மனம் அதோடு வரவில்லை.

எங்கள் ஊர் வாசிகசாலைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டுமென்று வந்து நின்றார்கள். கொழும்பிலே கடற்கரை, துறைமுகம், பயஸ்கோப் எல்லாம் பார்த்து வந்தவர் நீங்கள்தானே என்றார்கள். பார்த்து வந்தது உண்மை. நான் சைவப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேவாரமும் வாய்ப்பாடும் தெரியும், அவ்வளவுதான். ஊர் அளவெட்டி. சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய் விற்கிறேன். அலங்காரமாக எழுத வராது. கண்டதைக் கண்டபடி சொல்லுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் என் மனைவி வள்ளியம்மையின் கண். நேரே பார்த்தால் ஊசியில் நூல் கோர்ப்பாள். பக்கத்தில் நிற்கிற பசுவில் போய் முட்டுவாள். அடுப்பு ஊதுகிற குழலுக்குள்ளால் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். வரவர அந்தக் குழல் ஒடுங்கிக்கொண்டு வந்தது. பரியாரியார் நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டார், பொன்னாங்காணி தின்னச் சொன்னார். நான் அம்மனுக்கு விரதம் பிடித்தேன். அவள் தன் பங்குக்கு, பார்வை திரும்பினால் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். கண்மலர் என்பது வெள்ளித் தகட்டில் வெட்டிய இரண்டு கண்கள். கண்நோய் தீர்ந்தவர்கள் அம்மனுக்குக் கொடுப்பது. தட்டாரிடம் முன்கூட்டியே செய்வித்து, மஞ்சள் துணியில் முடிந்து, திருநீற்றுப் பையோடு வைத்திருந்தாள். வேண்டுதல் பலிக்கும்வரை அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய தமையன் மகன் நடராசா கொழும்பிலே ஒரு கந்தோரில் கிளாக்கராக இருக்கிறான். வெள்ளவத்தையில் குடியிருப்பு. கண் டாக்குத்தர் ஒருவரிடம் பேசி ஒழுங்குபண்ணி, மாமியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எழுதினவன் அவன்தான்.

என்னுடைய இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் அடுப்படிக் குசினி வாசல் ஆணியில் தொங்கும். நாள் பார்க்காமல் நான் தலைமயிர்கூட வெட்டிக்கொள்வதில்லை. சித்திரை வருடப் பிறப்பன்று புதுப் பஞ்சாங்கத்தை முதல் தாளிலிருந்து நான் உரத்து வாசிப்பேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டு கேட்பாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவள். ஆனால் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அடுத்த வருடம் நான் தடுமாறுகிற இடத்தில் அவள் எடுத்துக் கொடுப்பாள். இந்தப் பயணத்துக்கும் நாள் பார்த்தேன். நல்ல நேரம் காலையில், ரயில் பின்னேரம். அதனால் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அயல்வீட்டில் வைத்து, பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்குப் பண்ணி, திரும்பி வந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். அயல்வீட்டுக்காரர் சிரித்தார். அவர் எப்போதும் சிரிக்கிறவர்.

விடிய வண்டி கொழும்பைச் சேர்ந்தது. நடராசா வந்து காத்துக்கொண்டு நின்றான். வெள்ளவத்தை வீட்டில் கால் வைத்ததும் எனக்கு முதலில் தெரிந்தது வாசம். எங்கும் தேங்காயெண்ணெய். பொரியலில் அது, தலையில் அது, விளக்கிலும் அதுதான். நான் கொண்டுபோன நல்லெண்ணெய்ப் போத்தலை நடராசாவின் மனைவி புவனம் மருந்துபோல அலமாரியில் வைத்துவிட்டாள். காலைச் சாப்பாடு பாணும் தேங்காய்ச் சம்பலும். பாண் என்பது வெட்டினால் பஞ்சு, விழுங்கினால் களி. குழாய்த் தண்ணீருக்கு ருசியே கிடையாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பென்றாலும் நாக்குக்குத் தண்ணீர் என்று தெரியும். வீட்டுக்குப் பின்னால், கடலுக்கு முன்னால், ரயில் ஓடுகிறது. ஒவ்வொரு தரமும் சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் ஆடியது. வள்ளியம்மை முதல் தரம் எழும்பிக் கும்பிட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. டாக்குத்தர் பறங்கியர், வயதானவர், நல்ல மனிதர். கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளை வெளியே இருத்திவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே அழைத்தார். அவர் இங்கிலீசில் சொல்ல நடராசா தமிழில் சொல்லவேண்டும். டாக்குத்தர் நெடுகச் சொன்னார். நடராசா கொஞ்சமாகத்தான் சொன்னான். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வறண்டுவிட்டதாம். ஒரு கண் முக்கால்வாசி போய்விட்டது. மற்றதும் ஒரு வருடத்துக்குள் போய்விடும். வெட்டவும் ஒன்றுமில்லை, விடுவதற்கும் மருந்தில்லை. முந்தி வந்திருந்தாலும் இப்படித்தான் என்றாராம். அது உண்மையோ, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதோ தெரியாது.

நான் எண்ணெய்க்காரன், எனக்கு விளங்கியது இப்படி: திரி கருகிவிட்டது, இனி எவ்வளவு எண்ணெய் வார்த்தாலும் அது எரியாது.

வெளியே வந்தோம். விறாந்தையில் கிடந்த மர வாங்கில் அவள் மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். என் காலடி கேட்டு நிமிர்ந்தாள்.

"என்னவாம்?"

ஒரு பாட்டம் தேவாரம் சொல்லுகிற நேரம்கூட எனக்கு யோசிக்கக் கிடைத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். வாய் முந்திவிட்டது.

"வாற செவ்வாய்க்கிழமை ஒப்பிறேசன் செய்யலாமாம். பயமில்லையாம்."

நடராசா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவள், செவ்வாய்க்கிழமையோ என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். சரி என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

அன்று பின்னேரம் நடராசா என்னை வாசலுக்குக் கூப்பிட்டான். செவ்வாய்க்கிழமை மாமியிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டான். தெரியாது என்றேன். அதற்குள் சொல்லவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அவன் நல்ல பிள்ளை, அதற்கு மேல் என்னைக் குடையவில்லை. நாளைக்கு அரைநாள் கந்தோர், நாளை மறுநாள் லீவு, மாமி கடலைப் பார்க்கட்டும், கப்பலைப் பார்க்கட்டும், ஞாயிறு பின்னேரம் பயஸ்கோப்புக்குப் போவோம் என்றான். கண் இருக்கும்போதே பார்க்கட்டும் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் அதைத்தான் நினைத்தேன். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் நல்லூர்த் தேருக்குத் தவிர அவளை நான் எங்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அந்தத் தேருக்கும் வண்டிச் சத்தக் காசுக்கு முணுமுணுத்துக்கொண்டே போனவன். இப்போது கடல், கப்பல், பயஸ்கோப்.

சனிக்கிழமை பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். கடக்கிற இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரிலே தெருவில் என் கையைப் பிடித்து நடந்தவள் அல்ல. வெள்ளவத்தைக் கடல் எங்கள் கடலைப்போல இல்லை. எங்கள் கடல் முழங்காலளவில் வெகுதூரம் அமைதியாகக் கிடக்கும், ஆள் நடந்து போகலாம். இங்கே கரும்பாறை. அலை வந்து அதில் அடித்து ஆளுயரத்துக்குச் சிதறுகிறது. வெள்ளைக்காரக் குடும்பமொன்று குடை விரித்து உட்கார்ந்திருந்தது. சிங்களப் பெடியன்கள் பாறைக்குப் பாறை தாவினார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான். நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்: அந்தா பார், சிவப்பு. அந்தா பார், பாய்க்கட்டு வள்ளம். இங்கே பார், அலை. சந்தையில் சாமான் கூவுகிறவன் மாதிரி கூவினேன்.

அவள் கடலைப் பார்க்கவில்லை. காலடி மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த சிங்களக் கிழவி ஒருத்தி நடராசாவிடம் ஏதோ கேட்டுச் சிரித்தாள். அக்கா இவ்வளவு பெரிய கடலை விட்டுவிட்டு மணலை ஏன் பார்க்கிறா, காசு தொலைத்துவிட்டாவோ என்று கேட்கிறா என்றான் அவன்.

"நண்டொண்டு நிக்குது" என்றாள் வள்ளியம்மை. "கண்ணைத் தூக்கித் தூக்கிப் பார்க்குது. அது எனக்கு முழுசாத் தெரியுது, அதுதான்."

நடராசா அதைச் சிங்களத்தில் சொல்ல, கிழவி குனிந்து தானும் நண்டைப் பார்த்தாள். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்த்தாள். அதன்பிறகு கிழவி சிரிக்கவில்லை. எழும்பிப் போகும்போது வள்ளியம்மையின் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனாள்.

நான் செவ்விளநீர் வாங்கிக் கொடுத்தேன். அது நல்ல இனிப்பு. ஊரில் இவ்வளவு இனிப்பு இல்லை என்று அவளும் ஒத்துக்கொண்டாள். இன்னொன்றும் அவளுக்கு வாங்கினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலையை முழுவதும் திருப்பி, குழலை என் முகத்துக்கு நேரே பிடிக்கிறவள்போலப் பார்த்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, இதை நீங்களும் குடியுங்கோ என்றாள்.

ஞாயிறு காலை துறைமுகத்துக்குப் போனோம். பஸ்ஸில் ஒரு தடிமனான ஐயா எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்துகொண்டு, இடம் மாறச் சொல்ல மாறாமல், கோட்டை வரையில் தன் மருமகனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். துறைமுகத்தில் கொடி பறந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தொப்பியோடு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார்கள். வெகுதூரத்தில், அலை தடுக்கிற மதிலுக்கு உள்ளே, கப்பல்கள் நின்றன.

வள்ளியம்மை அசையாமல் நின்றுவிட்டாள். அவள் வாயிலிருந்து "சிவசிவா" என்று வந்தது. அந்தப் பயணம் முழுவதிலும் அவள் முகம் விரிந்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான். எனக்கு ஆசை பெருகிவிட்டது. இன்னும் கிட்டப் போனால் இன்னும் நன்றாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். சீமைக்குப் போகிற பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று கரையில் நின்ற ஒரு வள்ளக்காரரிடம் சொன்னேன்.

வள்ளக்காரர் கொழும்பு முஸ்லிம் ஆள், தாடி வைத்தவர். அண்ணன் என்கிற முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்டோம். வள்ளத்தில் கால் வைக்க அவள் தயங்கினாள்.

"பயப்பட வாணாம் உம்மா. வெளியிலதான் கடல். இது கொளம் மாதிரி ஈக்கிற" என்று அவர் கை கொடுத்து ஏற்றினார். அவளுக்குக் கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் கையை அவள் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார்.

நடராசா முன்பக்கத்தில் போய் இருந்துகொண்டு, என்னைச் சிரிக்கவைக்க நினைத்தானோ என்னவோ, ஒரு பகிடி விட்டான். "மாமா, பெட்டி தூக்கவே நேரம் பார்க்கிறனீங்கள். வள்ளத்திலை ஏற ராகுகாலம் பார்க்கேல்லையோ?"

நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் உறைத்தது, வெள்ளிக்கிழமையிலிருந்து நான் நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை என்று. வள்ளியம்மை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலுக்குக் கிட்ட வந்துவிட்டோம். அது கப்பல் அல்ல, மதில். கோயில் மதிலைப்போல் பத்து மதில். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நோகும். மேலே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் கை காட்டியது. நானும் காட்டினேன். இவளுக்கும் காட்டினேன்: பார், அந்தா மேலே. அவள் தலையை இங்கும் அங்கும் திருப்பினாள். கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள், மறுபடி இடப்பக்கம் திரும்பினாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி இருந்தது. ஒரு ஆணியைக் கண்டாள், பிறகு துருக்கறள் பிடித்த ஒரு இடத்தை, பிறகு ஒரு கயிற்றை.

"கரையிலை நிக்கேக்கை முழுக் கப்பலையும் கண்டனான்" என்றாள். "கிட்ட வரவரத் தொலைஞ்சு போச்சு."

குழலுக்குள்ளால் பார்க்கிறவளுக்குத் தூரத்தில் இருப்பதுதான் முழுதாகத் தெரியும். ஒரு வருடமாகச் சொன்னாள், நான் காதால் கேட்டேனே தவிர விளங்கிக்கொள்ளவில்லை. அவள் கண்ட கப்பலை நான்தான் துடுப்புப் போடுவித்து, அவள் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன். திரும்பிப் போகச் சொல்லுவோம், கரையில் நின்று பார்ப்போம் என்று தடுமாறினேன். ஒப்பிறேசன் முடிந்து வந்து ஆறுதலாகப் பார்க்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அப்போது அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"செவ்வாய்க்கிழமை என்ன நாள்?"

"செவ்வாய்க்கிழமை."

"மாசி எத்தினை?"

நான் விரலில் எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. மாசி நடுவில் மூன்று நாள் தொடர்ந்து கரிநாள். நல்ல காரியம் ஒன்றும் தொடக்கூடாத நாள். செவ்வாய்க்கிழமை அதில் நடுநாள். வருடா வருடம் நானே உரத்து வாசித்தது.

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாத்தவும் பஞ்சாங்கம் புரட்டிற மனிசன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "என்ரை கண்ணிலை கத்தி வைக்கக் கரிநாளுக்கு ஓமெண்டு வந்தனீங்களே? நாள் பார்க்கிறதுக்கு ஒண்டுமில்லை எண்டபடியால்தானே பார்க்கேல்லை."

நான் எண்ணிய விரலை மடக்கிக்கொண்டேன்.

"டாக்குத்தர் வீட்டு விறாந்தையிலையே தெரியும் எனக்கு. பிறகு இளநீர் ரெண்டு வாங்கித் தந்தனீங்கள். அதோடை நிச்சயமாப் போச்சு."

அந்த இரண்டாவது இளநீரை நினைத்து நான் அழுதுவிட்டேன். எண்ணெய்க் கடைக்காரன், ஐம்பது தாண்டியவன், சீமைக் கப்பலுக்குக் கீழே ஒரு சின்ன வள்ளத்தில் இருந்துகொண்டு அழுதேன். நடராசா முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானா துடுப்பை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல், தன் பாட்டுக்கு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ஏன் முந்தியே கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்கள் பொய் சொல்லி நான் கண்டதில்லை. எவ்வளவு தூரம் கொண்டுபோறியள் எண்டு பார்த்தனான். கப்பல்வரைக்கும் வந்திட்டியள்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை மாதம் என்று கேட்டாள். ஒரு வருடத்துக்குள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். நான் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லவேண்டியதை, அவளே என் வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

கரைக்கு வந்த பிறகு கூலியை நீட்ட, நானா குறைத்துத்தான் எடுத்தார். கப்பல் சரியாத் தெரியலையே என்று காரணம் சொன்னார்.

கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவள் சொன்னாள். டிராம் ஏறப் போனோம். டிராம் வண்டி தெரு நடுவில் தண்டவாளத்தில் மணியடித்துக்கொண்டு வரும். எங்கள் ஊர் மாட்டுவண்டிக்கு இருக்கிற பொறுமை அதற்குக் கிடையாது. நான் முன்னால் ஏறி, அவள் பின்னால் ஏறுகிறாள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். நடராசா எனக்கும் முன்னால். வண்டி நகர்ந்த பிறகு பார்க்கிறேன், அவள் நடைபாதையில் நிற்கிறாள். படி அவளுக்குப் பக்கவாட்டில் இருந்திருக்கிறது, காணவில்லை. நான் கூக்குரல் வைத்தேன். கொண்டக்டர் மணியடித்து நிறுத்தினான். அம்மாவைச் சந்தையில் விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறீர்களோ பெரியவரே என்று அவன் சிங்களத்தில் கேட்டதாகவும், வண்டியில் எல்லாரும் சிரித்ததாகவும் நடராசா பிறகு சொன்னான். நான் குதித்து ஓடினேன். நாங்கள் விட்ட இடத்தில் அவள் அப்படியே கைகட்டிக்கொண்டு நின்றாள். பயந்துவிட்டாயோ என்று கேட்டேன். "ஏன் பயம்? வருவியள்தானே" என்றாள். பயந்து நடுங்கினது நான்தான். இனி ஒவ்வொரு படியிலும் இப்படித்தானே என்று அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது.

கொட்டாஞ்சேனையில் தேங்காயெண்ணெய் வாசத்தை மீறிச் சாம்பிராணி வாசம் வந்தது. ஒரு தெருவில் கிறிஸ்தவ வேதக்கோயில் மணி, அடுத்ததில் எங்கள் கோயில் மணி. கோயிலில் கூட்டமில்லை. நடராசா தேங்காய், பழத்தட்டு வாங்கி வந்தான். அவள் மடியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். பார்வை வந்தால் என்றுதானே நேர்ந்தது, வராததுக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். என் குரல் கோயிலுக்குள் கேட்கக்கூடாத அளவுக்கு உயர்ந்துவிட்டது. ஐயர் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் பார்த்தனான்தானே" என்றாள். "அதுக்கு நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை."

முடிச்சை விரலால் தடவி அவிழ்த்தாள். வெள்ளிக் கண்கள் இரண்டும் தட்டிலே கிடந்தன. ஐயர் அதை எடுத்துக்கொண்டே, கண் நல்லாய் வந்துவிட்டதோ அம்மா என்று விசாரித்தார். அவள் ஓம் என்றாள். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவள் என் பெயரைச் சொன்னாள், என் நட்சத்திரத்தைச் சொன்னாள்.

தீபம் காட்டினார்கள். அம்மனுடைய முகத்தில் அந்தக் கண்மலரைச் சாத்தினார்கள். தீபத்தில் அது பளபளத்தது. இவளுடைய கண் அங்கே பார்க்கிறது, இவளுக்கு இல்லை என்று என் மனம் சொன்னது. நான் அறிந்த தேவாரத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. ஏழு வயதிலிருந்து கும்பிடுகிறவன். என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு கோயிலில் நின்றது அன்றைக்குத்தான். அவள் பக்கத்தில் நின்று உருகி உருகிக் கும்பிட்டாள். தனக்காக அல்ல என்று எனக்குத் தெரியும். திருநீற்றைப் பூசிக்கொண்டேன். அவள் பார்க்கிறாளே என்று பூசினேன்.

பக்கத்தில் இந்தியாக்காரர் நடத்துகிற சைவக் கடையில் தோசை சாப்பிட்டோம். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். அதைப் பற்றி வேறொரு நாள் நான் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை. பயஸ்கோப் வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்றேன். நடராசாவும் அதற்குச் சம்மதிக்கிறவன்போல நின்றான். அவள்தான், அவன் ரிக்கெற் எடுத்துவிட்டான், ஏன் வீணாக்கவேண்டும் என்றாள்.

பின்னேரக் காட்சி. தென்னிந்தியாவிலிருந்து வந்த பேசும் படம், சாமிக் கதை. பாட்டுத்தான் அதிகம். முன்வரிசையில் ஒருவர் ஒவ்வொரு பாட்டுக்கும் தொடையில் தாளம் போட்டார். ராசா ஒருவர் பத்துப் பாட்டுப் பாடினார். ராணி அதைவிட ஒரு பாட்டு கூடுதலாக. திரையில் கோபுரமும் காடும் யானையும் வந்தன. யானை வந்தபோது சனம் கை தட்டியது. இதையாவது அவள் கண்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

பயணக் களைப்பு என்று நினைத்தேன். நித்திரையோ என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லையப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "பழகிப் பார்க்கிறன்."

படம் முடியும்வரை அவள் திறக்கவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தின் கதை என்ன என்று வாசிகசாலைப் பிள்ளைகள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெளியே வரும்போது என் தோளில் கையை வைத்துக்கொண்டு, மூடிய கண்ணோடேயே படி இறங்கினாள். கடைசிப் படியில் தடுக்கினாள். வீட்டுக்குப் போனதும் புவனத்திடம், பாட்டு நல்லாயிருந்தது என்று சொன்னாள்.

மறுநாள் திங்கட்கிழமை நாங்கள் வண்டி ஏறினோம். அன்றைக்கும் கரிநாள். பயணத்துக்கு ஆகாது. நடராசா தயங்கி, வியாழன்வரை நின்று போகலாமே மாமா என்றான். நான் வேண்டாம் என்றேன். பெட்டியை முன்கூட்டி யார் வீட்டிலும் கொண்டுபோய் வைக்கவுமில்லை. புவனம் என் நல்லெண்ணெய்ப் போத்தலை, தொடாமலே, வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்தாள். வண்டியில் வள்ளியம்மை யன்னல் பக்கம் இருந்து, வெளிச்சம் இருக்கும்வரை வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தூரத்து வயல் அவளுக்கு முழுதாகத் தெரிந்திருக்கும். நான் ஒன்றையும் காட்டவில்லை.

இவ்வளவுதான் என் கொழும்புப் பயணம். பிள்ளைகள் எதிர்பார்த்தது இதுவாக இராது.

சித்திரை பிறந்து, ஆடியும் போய்விட்டது. குழல் இப்போது ஊசிக்காது அளவுக்கு வந்துவிட்டது. என் முகத்தில் மூக்கைப் பார்த்தால் கண் தெரியவில்லை என்கிறாள். புதுப் பஞ்சாங்கத்தை வாங்கிவந்து ஆணியில் மாட்டினேன். வருடப் பிறப்பன்று அவள் அரிசிச் சுளகோடு வந்து இருந்தாள். நான் கடையில் வேலை என்று எழும்பிப் போய்விட்டேன். இன்னும் அதில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

காலையில் நான் கடைக்குப் புறப்படும்போது அவள் குசினி வாசலில் நின்று, இண்டைக்கு நாள் எப்பிடி என்று கேட்கிறாள். நான் ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுக்கிற சத்தம் கேட்கும்படி எடுத்து, தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்கும்படி புரட்டி, நல்ல நாள்தான் என்கிறேன், கரிநாளன்றும். கரிநாள்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. அவள் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவள்.

சரி, போயிட்டு வாங்கோ என்கிறாள்.